கோயாவின் படங்களுக்கு முன் என் அக்கா

என் அக்கா பிலோமினா ஒரு பொருளைப் பார்க்கும் விதமே தனி. மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவள். கையுறைக்குள் காற்றை நிரப்பி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தக் கண் வேலையை விட்ட பிறகு மட்டும் சும்மா இருக்குமா? என் வீட்டுக்கு வந்தால் முதலில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகுதான் தண்ணீர் குடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அக்கா துறைமுகத்தில் வேலை பார்த்த மாரிஸைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸிலேயே தங்கிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உன் வாய்க்குப் பயந்துதான் ஒருத்தனும் வரவில்லை என்று அக்கா சொல்வாள். வந்தவர்களை நான்தான் விரட்டினேன் என்று நான் சொல்வேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

மாரிஸ் அத்தான் நெஞ்சு வலியில் போனபோது அவர்களுடைய ஒரே மகள் ஆட்ரிக்குப் பதினொரு வயது. அக்கா இரட்டை ஷிப்ட் பார்த்து அவளை வளர்த்தாள். பள்ளி விடுமுறை என்றால் பிள்ளை என் வீட்டில்தான் இருப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். வளர்ந்து ஷா ஆலமில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படியேதான். அம்மாவோடு சண்டை போட்டால் நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறி வந்து, "சின்னம்மா, ஒங்க அக்கா என்னையும் டியூப்லைட்ல தூக்கிப் பாக்குறாங்க" என்று புகார் சொல்வாள். நான் பெறாத பிள்ளை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது பேச்சு இல்லை.

2021 ஆகஸ்டில் அவள் செத்துப் போனாள். வயது இருபத்தொன்பது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாவில் ஒரு பொய் இருக்கிறது, அதைச் சொன்னவள் நான். அம்மா, மகள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கோவிட் வந்தது. ஆட்ரிக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிவிட்டதால் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அக்கா, தனிமைப்படுத்தியவர்களுக்குக் கட்டுகிற இளஞ்சிவப்பு வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. குடும்பத்தில் ஒருவர் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றார்கள். நான் போனேன். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டு, ஐந்தடி தள்ளி நிறுத்தி, பையின் ஜிப்பை நெஞ்சு வரை இறக்கிக் காட்டினார்கள். பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். கார் பார்க்குக்கு வந்தபோது அக்காவின் போன்.

"பாத்தியா? என் பிள்ளை மொகத்தைப் பாத்தியா? எப்படி இருந்தா?"

"மொகத்தைக் காட்டலக்கா" என்றேன். "பேரும் ஐசி கார்டு நம்பரும் எழுதுன டேக்கைத்தான் காட்டுனாங்க. சைன் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்."

அந்த முகத்தை நான் எப்படி வாயால் சொல்வது? அதை அவளிடமிருந்து மறைத்து வைத்தால் அவளுக்கு ஒரு கஷ்டம் குறையும் என்று நினைத்தேன். சவப்பெட்டியை மூடி முத்திரையிட்டு, வெள்ளை உடுப்பு போட்டவர்கள் கிள்ளான் கல்லறையில் இறக்கினார்கள். பங்குச் சாமியார் கேட்டருகே நின்று செபித்து மந்திரித்தார். கடைசியாக முகம் பார்ப்பது, பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது, ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவது என்று நம் ஆட்களுக்குள்ள ஒன்றும் ஆட்ரிக்கு நடக்கவில்லை.

பதினான்கு நாள் முடிந்து வெளியே வந்த அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஒருத்தரும் மொகத்தைப் பாக்கல?"

"பாக்கலக்கா."

"லேபிள் மாறும் குளோரி. எத்தனை பெட்டியில மாறி நான் பாத்திருக்கேன் தெரியுமா? எம் சைஸ் பெட்டியில எல் சைஸ் லேபிள். அன்னைக்கு அங்க எத்தனை பேரு செத்தாங்க? ராத்திரி பகலா வேலை பாக்குற ஜனங்க. மாறாதுன்னு யாரால சொல்ல முடியும்?"

என்னால் சொல்ல முடியும். சொல்லவில்லை.

நான் பூட்டிய கதவு என்று நினைத்தது அவளுக்குத் திறந்த கதவாகிவிட்டது. அவள் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருந்தாள். கோவிலில் பூசைக் கருத்து, அதாவது யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதிப் போடும் உறையில் மாதாமாதம் மகள் பேரை எழுதுவாள், ஆனால் இறந்தோர் பகுதியில் இல்லை, நோயாளிகள் பகுதியில். பீடத்திலிருந்து சாமியார் 'ஆட்ரி நலம் பெற' என்று வாசிப்பார். ஊரே தலை குனிந்துகொள்ளும். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும்போது இவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். கல்லறைக்குக் கல் வைக்க விடவில்லை. ஒருமுறை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஆட்ரி மாதிரியே நீளப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் பின்னாலேயே அரைமணி நேரம் நடந்திருக்கிறாள். அந்தப் பெண் பயந்துபோய் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டாள். இதை அக்காவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்றரை வருஷம். ஒவ்வொரு முறை கிள்ளானுக்கு ரயிலேறும்போதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் இரண்டு காரியம் நடக்கும். அவளுக்கு மகள் போய்விடுவாள். எனக்கு அக்கா போய்விடுவாள். ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மனசு மாறிவிடும்.

இந்த வருஷத் தவக்காலத்தில்தான் அந்தச் சுற்றுலா வந்தது. அக்காவின் கோவிலில் மூத்தோர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவர் ஐவன். டெலிபோன் இலாகாவில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் மைக் இல்லாமல் பேசமாட்டார். கோலாலம்பூரில் உள்ள ஓவிய அருங்காட்சியகத்தில் கோயா என்ற ஸ்பெயின் நாட்டுப் பெரிய ஓவியரின் படங்கள் வந்திருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கு இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மனுஷன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஸ்பெயின்னா யாரு? நம்ம மலாக்காவுக்கு வந்தாரே சவேரியார், அவரு ஊரு! அவிலா தெரேசம்மா ஊரு! அந்த ஊருப் பெயிண்டர் மாதாவையும் ஆண்டவரையும் விட்டுட்டு வேற எதை வரைவான்? வெள்ளிக்கிழமை காலையில பஸ். செபமாலையை மறக்காம எடுத்துக்குங்க."

இருபத்திரண்டு பேர் பேர் கொடுத்தார்கள். அக்கா எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். மாதா படத்துக்கு முன்னால் ஆட்ரிக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமாம். நானும் முந்தின நாளே கிள்ளானுக்குப் போய்த் தங்கினேன்.

பழனியப்பன் என்பவர் ஓட்டிய வாடகை பஸ். தவக்கால வெள்ளி என்பதால் கறி கிடையாது, சார்டின் சாண்ட்விச்சும் வடையும்தான். ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்துகொண்டே இரண்டு செபமாலை முடித்தார்கள்.

அருங்காட்சியகத்தில் எங்களுக்கு விளக்கம் சொல்ல சிந்து என்ற பெண்ணை அனுப்பினார்கள். தமிழ்ப் பிள்ளை, ஊர் சுங்கை பூலோவாம். இரண்டாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். குளிரும் மங்கலான விளக்குமாக இருந்தது. சுவரில் பெரிய பெரிய வண்ணப் படங்களை எதிர்பார்த்துப் போன எங்கள் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. எல்லாம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்க அளவுதான். வண்ணமே இல்லை, கறுப்பு மைக் கீறல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு மனிதனைக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்திலிருந்து துப்பாக்கி முனைகள் மட்டும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்ததில் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன.

"மாதா எங்கம்மா?" என்று ஐவன் கேட்டார். மைக் இல்லாமல் அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

"மாதா படம் இதுல இல்ல அங்கிள்" என்றாள் சிந்து பாவமாக. "இது வார் பத்தினது. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பிரெஞ்சுப் படை ஸ்பெயினுக்குள்ள வந்தப்ப ஜனங்க பட்ட கஷ்டம். செம்புத் தகட்டுல கீறி, மை தடவி, பேப்பர்ல ஒத்தி எடுக்குறது. அப்ப அவருக்கு வயசாயிருச்சு, காது சுத்தமா கேக்காது. எண்பது படத்துக்கு மேல செஞ்சாரு. ஒரு படத்துக்குக் கீழ, இதை நானே பாத்தேன்னு எழுதியே வச்சிருக்காரு. ஆனா அவரு உயிரோட இருந்தவரைக்கும் இதெல்லாம் வெளிய வரவே இல்ல. செத்து முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் அச்சுப் போட்டு வெளியிட்டாங்க."

"ஏன் வெளிய விடல?" என்று அக்கா கேட்டாள்.

"பயமா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க ஆன்டி."

பார்த்ததை மூடி வைத்துக்கொண்டே செத்துப் போயிருக்கிறான். வெளியே போய் உட்காரலாம் என்று அக்காவின் கையைப் பிடித்தேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே கீழே கேன்டீனுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வரவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் சுவரில் படங்கள் ஒரே வரிசையில் மாட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக எண். ஒன்றிலிருந்து பதினான்கு வரை.

கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் பிறக்காதவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சிலுவைப்பாதை செய்வோம். கோவில் சுவரைச் சுற்றிப் பதினான்கு படங்கள் இருக்கும். ஆண்டவருக்குத் தீர்ப்பிடுவதிலிருந்து கல்லறையில் வைப்பது வரை. ஒவ்வொரு படத்துக்கு முன்னும் நின்று, முழங்காலிட்டு, செபம் சொல்லி, எழுந்து அடுத்ததற்குப் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து கால்களுக்குப் பழகிய வழக்கம் அது.

அக்கா முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். சிலுவை அடையாளம் போட்டாள். முழங்காலிட்டாள்.

"அக்கா, எந்திரி. இது கோவில் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியுது லா. வெள்ளிக்கிழமை. பதினாலு படம், நம்பரும் போட்டிருக்கு. போற வழியில ஜாம்ல மாட்டினா சாயங்காலம் பாதைக்குப் போக முடியுமா? இங்கேயே முடிச்சிட்டு வரேன், நீ போ."

"இதுல ஆண்டவரே இல்லக்கா!"

"கட்டி வச்சிருக்காங்க, சுடப் போறாங்க. இதுல இல்லாம வேற எதுல இருப்பாரு?"

அவள் எழுந்து இரண்டாவது படத்துக்குப் போனாள். மீதி இருந்த கிழவிகளில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அவள் பின்னால் போய் முட்டி போட ஆரம்பித்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தவர்களும் உண்டு. எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. காவலாளி வேகமாக வந்தான். சிந்து அவனைத் தடுத்து மலாயில் ஏதோ சொன்னாள். பிறகு எங்களிடம் வந்து, "கண்ணாடியைத் தொடாம இருந்தா போதும் ஆன்டி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். நல்ல பிள்ளை.

நானும் பின்னாலேயே போனேன். அக்கா ஒவ்வொரு படத்தையும் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் செபம் மட்டும் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பரிசோதித்தாள். பட்டினியில் விழுந்து கிடந்தவர்கள். பிடித்து இழுக்கப்படும் பெண்கள். ஒருத்தரையும் அவள் அவசரமாகத் தாண்டவில்லை.

பதின்மூன்றாவது படத்தில் மூன்று ஆண்கள் செத்துப் போன ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் தலை பின்னால் தொங்குகிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் குழந்தை, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தனியாக நடந்து வருகிறது. அவ்வளவுதான் படம். பின்னால் ஒரே இருட்டு.

அக்கா அங்கே முழங்காலிட்டு வெகுநேரம் எழவில்லை. மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பதினான்காவதற்குப் போய்விட்டார்கள். நான் சுவரைப் பார்க்காமல் திரும்பி நின்றேன்.

"இந்தப் புள்ளைக்குக் குடுத்து வச்சிருக்கு குளோரி" என்றாள். "அம்மா பின்னாடியே நடந்து போவுது பாரு. என்னை நடக்கக்கூட விடல."

நான் ஓரமாகக் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவன் இதைப் பாத்திருக்கான். பாத்துட்டுத்தான் கீறியிருக்கான். பாக்காம எழுதுறவன் எல்லாத்தையும் ஒரே மாதிரி அழகா எழுதுவான். என்கிட்ட வேலை பாத்த பிள்ளைங்க பாக்காமலே ஃபாரத்துல டிக் போட்டா, டிக்கைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன். இவன் பாத்தவன். அந்தப் புள்ள கையைப் பாரு." அவள் முகம் படத்துக்கு இன்னும் கிட்டப் போனது. "ஆனா இந்தப் பொம்பள செத்தவ மாதிரி இல்ல லா. தூங்குற மாதிரி இருக்கா."

தூங்குகிற மாதிரி. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூங்குற மாதிரியே இருக்காங்க என்பார்கள். மூன்றரை வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குள் ஏதோ கொதிக்கும். அன்றைக்குப் பொங்கிவிட்டது.

"யாரும் தூங்குற மாதிரி இருக்க மாட்டாங்கக்கா! சும்மா சொல்லாத! ஆட்ரி அப்படி இல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அந்த அறை முழுக்கக் கேட்டிருக்கும். சிந்து திரும்பிப் பார்த்தாள்.

அக்கா முழங்காலில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே கண். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்து, என் பக்கம் திரும்பாமல் பதினான்காவது படத்துக்குப் போனாள். முழங்காலிட்டாள், செபத்தை முடித்தாள், சிலுவை போட்டாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணி. ஐவன் மாதா இல்லாததற்கு எல்லாரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய் முன் சீட்டில் தூங்கிவிட்டார். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் லோரி. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எத்தனை மணிக்குப் பாத்த?"

"பதினொண்ணே கால்."

"கண்ணு?"

"வலது கண்ணு மூடியிருந்துச்சு. இடது கொஞ்சம் தெறந்திருந்துச்சு."

"முடி?"

"வெட்டல. ஒரு பக்கமா ஒதுக்கி விட்டிருந்தாங்க. சிக்கா இருந்துச்சு."

"மொகத்துல காயம்?"

"கன்னத்துல. ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தி ரெண்டு பக்கமும் கறுத்துப் போயிருந்துச்சு. உதடு வெடிச்சிருந்துச்சு."

"காதுக்குக் கீழ மச்சம்?"

"இருந்துச்சுக்கா. அதைப் பாத்துத்தான் சைன் போட்டேன்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஒரு ஃபாரத்தில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டு வருவதுபோல இருந்தது.

"அப்ப அவதான்."

"அவதான்க்கா."

நான் எதிர்பார்த்த அலறல் வரவில்லை. மடியில் இருந்த செபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். அவளுடைய தோள் இரண்டும் இறங்கிவிட்டன. மூன்றரை வருஷமாக அவள் அந்தத் தோள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லோரி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"வாயி?" என்றாள்.

அதைத்தான் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெறந்திருந்துச்சுக்கா. ரொம்பத் தெறந்திருந்துச்சு. கத்துற மாதிரி."

"கட்டல?"

"கட்டல."

"அப்பாவுக்கு நாந்தான் கட்டுனேன். மாரிஸுக்கும் நாந்தான். உடம்பு விறைக்கறதுக்குள்ள துணியைக் கிழிச்சு, தாடையோட சேத்துத் தலையில முடிச்சுப் போட்டுடணும்." ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "மூடச் சொல்லிக் கேட்டியா? விடலையா?"

இதோ இங்கேதான் இருக்கிறது என் பொய்யின் அடிப்பாகம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த மலாய் நர்ஸ் ஒருத்தி, நல்ல சின்னப் பெண், ஜிப்பை மேலே இழுப்பதற்கு முன் என்னிடம் கேட்டாள். மூடுவதற்கு முன்னால் உங்கள் வழக்கப்படி ஏதாவது செய்ய வேண்டுமா, நான் செய்கிறேன், சொல்லுங்கள் என்று கேட்டாள். அவளுடைய கை அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நர்ஸ் கேட்டாக்கா" என்றேன். "ஏதாச்சும் செய்யணுமான்னு அவளாத்தான் கேட்டா. நான்தான் வேணாம்னு தலையை ஆட்டிட்டேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன். எனக்கும் ஒட்டிக்கும்னு பயந்துட்டேன். மூச்சு விடவே பயமா இருந்துச்சு. எப்படா வெளிய போவோம்னு இருந்துச்சு. நம்ம பிள்ளையாச்சேன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. வெளிய ஓடணும்னு மட்டும்தான் தோணுச்சு."

அழுகை வந்தது. அறுபத்தோரு வயதுக் கிழவி அழுகிற அழுகை அழகாகவா இருக்கும்? வாயை அகலத் திறந்துகொண்டு, சத்தம் வராமல், மூச்சும் வராமல் அழுதேன். எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூட முயன்றேன், முடியவில்லை, தாடை கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அது என்றைக்காவது போகுமா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையை என் தாடைக்கு அடியில் வைத்து, மெதுவாக மேலே தள்ளி, என் வாயை மூடினாள். கட்டைவிரலை ஒரு கன்னத்திலும் மற்ற விரல்களை மறு கன்னத்திலும் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிப் பிடிக்கணும்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அஞ்சு நிமிஷம் இப்படிப் பிடிச்சிருந்தா போதும் குளோரி. பிள்ளை வாயி மூடியிருக்கும்."

அவள் அழ ஆரம்பித்தாள். பஸ் சுபாங் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஐந்து நிமிஷமும் பிடித்திருந்தாள்.